தத்துவத்தின் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை

அறிவுத்துறைகள் எல்லாமே ஒரு காலத்தில் தத்துவத்தின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். இயற்பியல் சமர்த்துப் பிள்ளை. 1687இல் நியூட்டன் தன் புத்தகத்துக்கு ‘இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்’ என்று அம்மாவின் இனிஷியலோடு பெயர் வைத்து வெளியிட்டார். அதற்கப்புறம் அந்தத் துறை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வுக்கூடம் திறந்ததும் உளவியலும் மூட்டை கட்டியது. கடைசிப் பிள்ளை சமூகவியல் மட்டும் விசித்திரம். ‘இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை’ என்று தெருவே கூடும்படி கத்திவிட்டுக் கிளம்பியது. பக்கத்து வீட்டிலேயே வாடகைக்குக் குடியேறியது. கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக வேளை தவறாமல் அம்மா வீட்டில் வந்து சாப்பிடுகிறது. சாப்பிடும்போதே சமையலைக் குறையும் சொல்கிறது.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ‘நீ பிறந்த விதமே சரியில்லை’ என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே புத்தகம் போட்டவள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்தப் பாகப்பிரிவினை வழக்கின் கட்டை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மேதைகள். ஆகவே யாரும் கண்ணியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியவர்கள் காலம்

சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னவர் பிளேட்டோ. அது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்கும் சிரமத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தத்துவவாதிதான் அரசனாக வேண்டும் என்று ஒரு தத்துவவாதி தீர்ப்புச் சொன்னதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? யோசனையை விற்க சிசிலித் தீவின் சிராகூஸ் நகரத்துக்குக் கப்பல் ஏறினார். அந்த ஊர்க் கொடுங்கோலனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. திரும்பும் வழியில் அவரை அடிமையாக விற்றுவிட்டார்கள் என்றும், தெரிந்தவர் ஒருவர் பணம் கட்டி மீட்டார் என்றும் ஒரு பழங்கதை உண்டு. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், இன்னும் இரண்டு முறை அதே ஊருக்குப் போனார்.

மாணவர் அரிஸ்டாட்டில் வேறு ரகம். அரசியலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஊர் ஊராக எப்படித்தான் ஆள்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே என்று தன் பள்ளியின் மூலம் 158 அரசமைப்புகளைத் திரட்டினார். கள ஆய்வை மாணவர்கள் தலையில் கட்டும் வழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்று சொன்னால் எந்தப் பிஎச்.டி. மாணவரும் மறுக்கமாட்டார். அந்த 158இல் ஏதென்ஸ் நகரத்தைப் பற்றியது மட்டும்தான் பெருமளவு கைக்குக் கிடைத்தது. அதுவும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், எகிப்தில், யாரோ பண்ணைக் கணக்கு எழுதிப் போட்ட பாப்பிரஸ் தாள்களின் பின்பக்கத்தில். கள ஆய்வு அறிக்கைகளுக்கு உலகம் தரும் மரியாதை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

உண்மையில் பிள்ளைக்குத் தனி ரேஷன் கார்டு கேட்டு முதல் மனுப் போட்டவர் வட ஆப்பிரிக்காவின் இப்னு கல்தூன். பதவி, சதி, சிறை, மறுபடி பதவி என்று பல அரசவைகளைச் சுற்றிக் களைத்துப் போய், இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டைக்குள் ஒதுங்கி, 1377இல் ‘முகத்திமா’வை எழுதினார். பாலைவனத்து முரடர்களிடம் இருக்கும் ஒட்டுறவு, அவர்கள் நகரத்தைப் பிடித்து மெத்தையில் படுத்ததும் ஏன் கரைகிறது, வம்சங்கள் ஏன் சில தலைமுறைகளில் கவிழ்கின்றன என்று காரணகாரியத்தோடு விளக்கினார். இது புத்தம்புதிய அறிவியல், எனக்கு முன்னால் யாரும் செய்ததாகத் தெரியவில்லை என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். அதே புத்தகத்தில் தத்துவத்தை மறுப்பதற்கென்று ஒரு பகுதி. பிள்ளைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. அதற்குள் அம்மாவோடு சண்டை!

ஆனால் களத்தில் இறங்குவது என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1401இல் தைமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்தான். எழுபதைத் தொடவிருந்த இந்தப் பெரியவர் கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய் அவனைச் சந்தித்தார். ஊர்களை எரித்துக்கொண்டு வந்தவன் எதிரே உட்கார்ந்து, ஆட்சி எப்படிக் கைமாறுகிறது என்ற தன் கோட்பாட்டை அவனுக்கே விளக்கினார். தலை தப்பியது. ஆய்வுக்குப் பேட்டி கேட்டால் யாரும் போனை எடுப்பதில்லை என்று புலம்பும் ஆய்வாளர்கள் கவனிக்க.

சந்தா வசூல் பிரபு

அடுத்து வருகிறவர் பிரான்ஸ் நாட்டுப் பிரபு, சான் சிமோன். 1760இல் பிறந்தவர். பெரிய காரியங்கள் காத்திருப்பதை நினைவூட்டித்தான் தினமும் காலையில் தன்னை எழுப்ப வேண்டும் என்று வேலைக்காரனுக்கு உத்தரவு போட்டிருந்தாராம். பெரிய காரியங்களும் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் வரை போய்ச் சண்டை போட்டார். இரண்டு பெருங்கடல்களை இணைத்துக் கால்வாய் வெட்டலாம் என்று மெக்சிகோ வைஸ்ராய்க்கு யோசனை சொன்னார். பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரபுப் பட்டத்தைத் துறந்தார். அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்ட திருச்சபை நிலங்களை மட்டும் துறக்கவில்லை. வாங்கி விற்றுப் பணம் பண்ணினார். சிறைக்குப் போனார், வெளியே வந்தார், விருந்து வைத்தே சொத்தைக் கரைத்தார். கடைசியில் பாரிஸ் அரசு அடகுக்கடையில் நகலெழுதும் குமாஸ்தா. சமூகத்தின் எல்லாத் தட்டுகளையும் நேரடியாகப் பார்த்தவர் என்ற தகுதியை யாரும் மறுக்க முடியாது.

1803 வாக்கில் சமூகத்தை நடத்தும் ரகசியம் அவருக்குப் பிடிபட்டது. கோள்களைக் கட்டி ஆள ஈர்ப்பு விசை என்ற ஒரே விதி இருக்கிறதே, மனிதர்களுக்கு மட்டும் இருக்காதா? ஆகவே நியூட்டன் சமாதிக்கு முன்னால் சந்தா வசூல் செய்ய வேண்டும். சந்தா கட்டியவர்கள் ஓட்டுப் போட்டுக் கணிதவியலாளர், இயற்பியலாளர், வேதியியலாளர், உடலியலாளர், எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர் என்று வகைக்கு மூவராக 21 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ‘நியூட்டன் கவுன்சில்’ உலகத்தைப் பார்த்துக்கொள்ளும். பட்டியலில் தத்துவவாதி இல்லை. அது மறதி அல்ல. தத்துவவாதிதானே உண்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்!

1825இல் அவர் இறந்த பிறகு சீடர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1832இல் பாரிஸை ஒட்டிய மெனில்மோந்தான் மேட்டில் சுமார் நாற்பது ஆண்கள் ஆசிரமம் மாதிரி ஒன்றை அமைத்தார்கள். அவர்களுடைய மேலங்கிக்குப் பொத்தான்கள் முதுகுப் பக்கம். பக்கத்தில் ஒருவர் மனம் வைத்தால்தான் சட்டை மாட்ட முடியும். மனிதன் மனிதனைச் சார்ந்திருக்கிறான் என்பதற்கு நிரூபணமாம். இதே விஷயத்தைச் சொல்ல அறுபது வருஷம் கழித்துச் சமூகவியலாளர் துர்க்கைம் தடிமனாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஒரு தையல்காரர் போதுமாக இருந்தார்.

பெயர் வைத்த புண்ணியவான்

சான் சிமோனிடம் 1817இல் செயலாளராகச் சேர்ந்த பையன் பெயர் அகஸ்ட் காம்ட். வயது 19. படித்துக்கொண்டிருந்த எகோல் பாலிடெக்னிக்கில் மாணவர்கள் வாத்தியாரோடு மோத, அரசாங்கம் பள்ளியையே பூட்டிவிட்டது. பையன் நடுத்தெருவில். ஏழு வருஷம் பிரபுவுக்கு எழுதிக் கொடுத்தான். 1824இல் பெரிய சண்டை. சமூகவியலின் முதல் மகா மோதல் கருத்து வேறுபாட்டால் வந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். எழுதியது யார், அட்டையில் பெயர் யாருக்கு என்பதுதான் விவகாரம்.

1826இல் காம்ட் தன் வீட்டிலேயே தத்துவ வகுப்பு ஆரம்பித்தார். கேட்க வந்தவர்களில் உலகம் சுற்றிய அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டும் ஒருவர். மூன்று உரைகளுக்குப் பிறகு காம்ட்டின் மனநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1829இல் மீண்டு வந்து அதே வகுப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தப் பிடிவாதத்தைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கிண்டல் செய்யத் தாராளமாக வரும்.

1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகள் எழுதினார். சாரம் இதுதான்: மனித அறிவுக்கு மூன்று படிகள். மழை ஏன் பெய்கிறது? முதல் படியில் நிற்பவர் ‘தெய்வச் செயல்’ என்பார். இரண்டாம் படியில் நிற்கும் தத்துவவாதி ‘மழையின் உள்ளார்ந்த சாராம்சம்’ என்று ஆரம்பிப்பார். மூன்றாம் படியில் நிற்பவர் வாயை மூடிக்கொண்டு மழையை அளப்பார். எல்லா அறிவியலும் மூன்றாம் படிக்கு வந்தாயிற்று. சமூகம் பற்றிய அறிவு மட்டும் பாக்கி. அதைக் கைதூக்கி ஏற்றிவிட நான் வந்திருக்கிறேன். சரி, மனித குல வரலாறு மொத்தத்தையும் மூன்று வரியில் அடைக்கும் இந்த விதியை எதை அளந்து கண்டுபிடித்தீர்கள் ஐயா? அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

புதிய அறிவியலுக்கு ‘சமூக இயற்பியல்’ என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். 1835இல் பெல்ஜியம் நாட்டு அடோல்ஃப் குவெட்லே அதே பெயரைத் தன் புத்தக அட்டையில் போட்டுக்கொண்டார். காம்ட்டுக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. வெறும் புள்ளிவிவரக்காரனெல்லாம் இந்தப் பெயரைத் தொடுவதா? 1839இல் ‘சோஷியாலஜி’ என்று புதுப் பெயர் சூட்டினார். குவெட்லே செய்த குற்றம்தான் என்ன? பிறப்பு, இறப்பு, குற்றம், திருமணம் என்று சமூகத்தை உண்மையிலேயே எண்ணிப் பார்த்துவிட்டார். அளப்பதே அறிவு என்றவருக்கு அளப்பவனைக் கண்டால் ஆகவில்லை.

அதே காலத்தில் காம்ட் இன்னொரு சீர்திருத்தமும் செய்தார். பிறர் எழுதியதைப் படிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ‘மூளைச் சுகாதாரம்’ என்று அதற்குப் பெயர். இங்கிலாந்திலிருந்து ஜான் ஸ்டூவர்ட் மில் தன் நண்பர்களிடம் பேசிப் பணம் அனுப்ப ஏற்பாடு செய்தார். அடுத்த வருஷம் அந்த நண்பர்கள் நிறுத்திக்கொண்டதும் காம்ட் நன்றி சொல்லவில்லை, கண்டனம் தெரிவித்தார். மனித குலத்தின் சிந்தனைக்குச் சந்தா கட்டுவது செல்வந்தர்களின் கடமையல்லவா!

1844இல் க்ளோதில்த் த வோ என்ற பெண்ணைச் சந்தித்தார், உருகினார். 1846இல் அவர் இறந்துபோனார். காம்ட்டின் துக்கம் உண்மையானது. அது போய் நின்ற இடம்தான் எதிர்பாராதது. தெய்வத்தை முதல் படியிலேயே விட்டுவிட்டு வந்தவர் மூன்றாம் படியில் ஒரு கோவில் கட்டினார். பெயர் ‘மானுட மதம்’. சமூகவியலாளர்களே புரோகிதர்கள், தலைமைப் பூசாரி காம்ட். 1849இல் புதிய பஞ்சாங்கம்: மாதம் 13, மாதத்துக்கு 28 நாள். மோசே மாதம், ஹோமர் மாதம், ஷேக்ஸ்பியர் மாதம் என்று ஒவ்வொன்றும் ஒரு பெரியவர் பெயரில். புத்தருக்கு மோசே மாதத்தில் ஒரு நாள். கணக்கில் மிச்சம் விழும் ஒரு நாள் இறந்தோர் அனைவருக்குமான திவசம். இதில் விசேஷம், அரிஸ்டாட்டிலுக்கு ஒரு மாதம், தெகார்த்துக்கு ஒரு மாதம். அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தியவர் பூஜையறையில் அவள் படத்துக்குத் தினசரி மாலை போட்டார்.

சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. 1889இல் பிரேசில் குடியரசானபோது அதன் கொடியில் ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்று எழுதியவர்கள் காம்ட்டின் சீடர்கள். இன்றும் அது பறக்கிறது. வங்காளத்தில் பங்கிம் சந்திரர் அவரைப் படித்துத் தலையாட்டினார். ஸ்காட்லாந்தில் அந்தக் காற்றுப் பட்டு வளர்ந்த பாட்ரிக் கெட்டிஸ் 1915 வாக்கில் சென்னை மாகாணத்துக்கு வந்து தஞ்சாவூர், மதுரை என்று தெருத்தெருவாக நடந்தார். சந்துகளை இடித்து நேர்கோட்டில் சாலை போடும் திட்டங்களைப் பார்த்து, குடியிருக்கிறவர்களை முதலில் கவனியுங்கள், இடிக்காமலே சரிசெய்யலாம் என்று அறிக்கை கொடுத்தார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். காம்ட் பஞ்சாங்கத்தில் இப்படி ஒரு நல்ல நாள் இருந்ததைக் காம்ட்டே அறியவில்லை.

எதிரெதிர்க் கல்லறைகள்

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஸ்பென்சர். மவுண்ட் ரோடு ஸ்பென்சருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ரயில்வே பொறியாளராக இருந்து, ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையில் துணை ஆசிரியராகி, 1860இல் உலகத்தின் எல்லா அறிவையும் ஒரே சரட்டில் கோக்கும் தத்துவத் தொகுதிகளை எழுதப்போவதாக அறிவித்துச் சந்தா கேட்டார். 1896இல் முடித்தார். சமூகவியல் அதில் ஓர் அங்கம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் புத்தகத்தை ஒரு தடவை திறந்தார், காலமும் வெளியும் மனத்தின் ஏற்பாடு என்ற ஆரம்பமே ஒத்துவரவில்லை, மூடிவைத்துவிட்டார். தத்துவத் தொகுதி எழுதுவதற்குத் தத்துவம் படிப்பது இடைஞ்சல் என்ற நல்ல மரபைக் காம்ட்டுக்குப் பிறகு காப்பாற்றியவர் இவர்.

தகுதியுள்ளதே தப்பிப் பிழைக்கும் என்ற வாசகத்தை 1864இல் உலகத்துக்குக் கொடுத்தவர், எதிரில் இருப்பவர் சூடாகப் பேச ஆரம்பித்தால் நரம்பு தாங்காது என்று காதில் அடைப்பான் வைத்துக்கொள்வார். நண்பர் ஹக்ஸ்லி ஒரு தடவை, ஸ்பென்சருக்குச் சோக நாடகம் என்றால் அழகான கோட்பாடு ஒன்றை அற்பமான ஓர் உண்மை கொன்றுவிடுவதுதான் என்று வாரினார்.

லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ஸ்பென்சருக்கு நேர் எதிரே இருப்பவர் கார்ல் மார்க்ஸ். 1841இல் பண்டைக் கிரேக்க அணுவாதிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி, நேரில் போகாமலே யேனா பல்கலைக்கழகத்தில் தத்துவ டாக்டர் பட்டம் வாங்கியவர். நாலு வருஷம் கழித்து, தத்துவவாதிகள் உலகத்துக்குப் பொழிப்புரை எழுதியது போதும், அதை மாற்றுவதுதான் வேலை என்று குறித்து வைத்தார். பிறகு பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் போய் உட்கார்ந்தவர் பல வருஷம் எழுந்திருக்கவில்லை. உலகம் மாறியது, யார் கேட்டுக்கொண்டபடி என்பதில் இன்னும் தகராறு. அரசு எதிலும் தலையிடக் கூடாது என்றவரும், அரசைக் கைப்பற்ற வேண்டும் என்றவரும் ஹைகேட்டில் ஒருவரையொருவர் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள். காதடைப்பான் இப்போது இருவருக்குமே தேவைப்படாது.

மாமனும் மருமகனும்

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கத்தினார்களே தவிர யாரிடமும் பத்திரம் இல்லை. பதிவு அலுவலகம் வரை போய்க் காரியத்தை முடித்தவர் எமில் துர்க்கைம். 1858இல் பிரான்ஸின் எபினால் ஊரில் யூத மதகுருக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது தத்துவம். பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தியதும் தத்துவம். 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ‘சமூக அறிவியலும் கல்வியியலும்’ சொல்லித்தர வேலை கிடைத்தது. வாத்தியார்களைத் தயாரிக்கும் வகுப்பு என்ற முகமூடியில் சமூகவியல் உள்ளே நுழைந்தது. 1913இல்தான் சோர்போனில் அவருடைய இருக்கையின் பெயரில் ‘சமூகவியல்’ என்ற சொல் ஏறியது. பல்கலைக்கழகத்தில் பெயர்ப்பலகை மாற்ற எவ்வளவு காலமாகும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சமூக நிகழ்வுகளைப் பொருள்களாகப் பாவித்து ஆராய வேண்டும் என்று 1895இல் விதி வகுத்தார். 1897இல் ‘தற்கொலை’ என்ற ஆய்வு. மனிதன் தனக்குள்ளேயே எடுக்கும் முடிவு என்று நினைக்கும் ஒன்றுக்குக்கூட நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் நிலையான விகிதம் இருக்கிறது. ஆக அது சமூகத்தின் கதை என்று காட்டினார். அபாரமான வேலை. அதற்காகச் சுமார் 26,000 பதிவுகளை உட்கார்ந்து பிரித்து அடுக்கியவர் அக்காள் மகன் மார்செல் மோஸ். சமூக உறவுகளின் வலிமையை நிரூபிக்கும் புத்தகத்துக்கு மருமகனைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய தாய்மாமனை விடப் பொருத்தமான ஆசிரியர் கிடைப்பாரா?

இதோடு விட்டிருந்தால் பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்திருக்கும். 1912இல் துர்க்கைம் மறுபடி அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். காலம், வெளி, காரணம் முதலியவை மனித மனத்தின் கட்டமைப்பு என்று காண்ட் சொல்லியிருந்தார் அல்லவா? அவை எல்லாம் சமூகம் தந்தவை என்றார் துர்க்கைம். திருவிழா வரும் ஒழுங்கிலிருந்து காலம், குலங்கள் குடியிருக்கும் ஒழுங்கிலிருந்து வெளி. ஆதாரம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகள். ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதில்லை. பங்கு கேட்டுப் போன பிள்ளை, ‘அம்மா, நீ குடியிருக்கும் வீட்டைக் கட்டியதே நான்தான்’ என்று புதுப் பத்திரத்தை நீட்டினான்.

துர்க்கைமின் எதிராளி காப்ரியேல் தார்த் கதை இன்னும் வேடிக்கை. சமூகம் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும் நகல்தான் என்றவர். 1900இல் புகழ்பெற்ற கொலேஜ் த பிரான்ஸில் அவருக்குக் கிடைத்தது தத்துவ இருக்கை. சமூகவியல் என்று பெயர் மாற்றித் தாருங்கள் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆக அங்கே சமூகவியலாளர் தத்துவவாதி என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போர்தோவில் வாத்தியார் பயிற்சி என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் தத்துவவாதி.

ஜெர்மன் வைத்தியம்

பெர்லினில் கியோர்க் சிம்மல் பேசினால் அரங்கம் நிரம்பி வழியும். பணம், ஃபேஷன், பெருநகரம், அந்நியன் என்று தத்துவம் எட்டிப் பார்க்காத சந்துகளிலெல்லாம் புகுந்து வந்தவர். ஆனால் 1885 முதல் பதினைந்து வருஷம் மாணவர் கட்டும் கட்டணத்தை மட்டுமே நம்பியிருக்கும் சம்பளமில்லா விரிவுரையாளர். 1908இல் ஹைடல்பெர்க்கில் பேராசிரியர் பதவிக்கு மாக்ஸ் வேபர் சிபாரிசு செய்தார். கருத்துக் கேட்கப்பட்ட ஒரு வரலாற்றுப் பேராசிரியர், இவர் யூதர் என்று ஆரம்பித்து, அரசும் திருச்சபையும் இருக்கும் இடத்தில் ‘சமூகம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று குற்றப்பத்திரிகை படித்தார். வேலை கைநழுவிப் போயிற்று. 1914இல் ஒருவழியாக ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியர் ஆனார், தத்துவத்துக்கு. சில மாதங்களில் உலகப் போர் வந்து வகுப்பறைகள் ராணுவ ஆஸ்பத்திரியாகின.

வேபரோ அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கோடு கிழித்தவர். இருப்பது எது என்று ஆராய்ச்சி சொல்லலாம்; இருக்க வேண்டியது எது என்று அது சொல்லக் கூடாது. 1909இல் ஜெர்மன் சமூகவியல் சங்கம் உருவானபோது இதை விதியாகவே எழுதவைத்தார். 1910இல் பிராங்க்ஃபர்ட்டில் முதல் மாநாடு. மேடை ஏறியவர்கள் வாயிலிருந்து நல்லது கெட்டது பொலபொலவென்று உதிர, வேபர் எழுந்து எழுந்து ஆட்சேபித்தார். 1912இல் வெறுத்துப்போய்ச் சங்கத்திலிருந்து விலகினார். யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லிச் சொல்லியே அவருக்கு அலுத்துவிட்டது.

அம்மாவையும் பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் வைக்கப் பார்த்தவர்கள் பிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தார். முதலாளித்துவத்தைப் பிரித்து மேய 1923இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்குப் பணம் வந்தது அர்ஜென்டினா தானிய வியாபாரத்தில் கொழித்த குடும்பத்திலிருந்து. 1961இல் ட்யூபிங்கனில் இந்தத் தரப்பின் தியோடர் அடோர்னோவும் எதிர்த் தரப்பாக கார்ல் பாப்பரும் மோதிக்கொண்டார்கள். ‘நேர்க்காட்சிவாதத் தகராறு’ என்று சரித்திரம் பெயர் வைத்தது. நேர்க்காட்சிவாதம் என்பது காம்ட்டின் மூன்றாம் படிதான். இதில் நான் நேர்க்காட்சிவாதி என்று ஒப்புக்கொள்ள இருவருமே தயாராக இல்லை என்பதுதான் தகராறின் அழகு. 1969 ஜனவரியில் மாணவர்கள் நிறுவனத்துக்குள் புகுந்ததும், அதிகாரத்தை வாழ்நாளெல்லாம் விமர்சித்த அடோர்னோ போலீஸுக்குப் போன் போட்டார். கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள உறவு பற்றி அதைவிடச் சுருக்கமான உரையை அவர் ஆற்றியதில்லை.

அம்மாவின் பதிலடி

பிள்ளை பிறந்த விதமே சரியில்லை என்று அம்மா எழுதிய புத்தகம் 1958இல் வந்தது. ஆசிரியர் பீட்டர் வின்ச். சமூக அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் என்ன உறவு என்பதே தலைப்பு. மனிதர்கள் விதிகளைப் புரிந்து நடப்பவர்கள். புரிதலை எண்ணி அளக்க முடியாது. ஆகவே சமூகவியலின் அடிப்படைக் கேள்விகள் தத்துவத்துக்குச் சொந்தம். வழிதவறிப் பிறந்த அறிவுக் கோட்பாடுதான் இந்தச் சமூகவியல் என்று ஒரே போடாகப் போட்டார்.

மறு வருஷமே பிள்ளைத் தரப்பிலிருந்து எர்னஸ்ட் கெல்னர் கிளம்பினார். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதிகளின் சொல்லாராய்ச்சி, கையில் வேலையில்லாத கனவான்களின் பழக்கவழக்கம். அதைப் பழங்குடி வழக்கம்போலவே ஆராயலாம் என்று எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல், தான் நடத்திய பத்திரிகையில் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை கிடையாது என்றார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுத, பதில் கடிதங்கள் குவிந்தன. புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. கெல்னருக்கு 1962இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் பதவி: துறை சமூகவியல், பதவியின் பெயரில் தத்துவம்.

பிரான்ஸில் பியர் பூர்தியூவும் தத்துவம் படித்துவிட்டுத்தான் ஓடிவந்தார். ராணுவ சேவைக்கு அல்ஜீரியா போனவர் சமூக ஆய்வாளராகத் திரும்பினார். எது அழகு என்ற தீர்ப்பில் சொந்த லாபம் கலக்காது என்று காண்ட் சொன்னதைச் சோதிக்க, 1,217 பேரிடம் என்ன பாட்டுப் பிடிக்கும், எதைப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று கேள்வித்தாளை நீட்டினார். படித்த வாத்தியார்களுக்கும் கலைஞர்களுக்கும் பாஹ், உழைப்பாளிகளுக்கு ‘நீல டான்யூப்’. ரசனையும் வர்க்கத்தின் கைங்கரியம்தான் என்று 1979இல் ஒரு தலையணைப் புத்தகம் போட்டு, காண்ட்டின் தலைப்பையே கொஞ்சம் திருகித் துணைத்தலைப்பாக வைத்தார். காண்ட்டுக்குப் பதில் சொல்ல அறுநூறு பக்கத்துக்கு மேல் உழைத்தவர் தத்துவத்தை விட்டு எப்போது வெளியேறினார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இத்தனை சண்டையிலும் இருக்கும் ஆயுதம் இரண்டே இரண்டுதான். அம்மா கேட்பது: ‘இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?’ பிள்ளை கேட்பது: ‘இதைச் சொல்ல உன்னை இங்கே உட்காரவைத்தது யார்?’ முதல் கேள்விக்குப் பதில் தேடும் சமூகவியலாளர் மூன்றாவது பக்கத்தில் தத்துவவாதி ஆகிவிடுகிறார். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும் தத்துவவாதி, சம்பளம், சாதி, வர்க்கம் என்று எண்ண ஆரம்பித்து, எண்ணி முடிக்குமுன் சமூகவியலாளர் ஆகிவிடுகிறார். காம்ட் கோவில் கட்டியதும் வேபர் சங்கத்தை விட்டுப் போனதும் இதனால்தான். பிறரிடம் கேட்பதற்கென்று வைத்திருந்த கேள்வி தங்கள் பக்கம் திரும்பும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இந்த வழக்கின் இன்றைய நிலவரத்தை அண்ணா நகரில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மத்தியத் தேர்வாணையத்தின் சமூகவியல் விருப்பப் பாடத்தில், முதல் தாளின் ஒரு பகுதி: நேர்க்காட்சிவாதமும் அதன் மீதான விமர்சனமும், உண்மை, மதிப்பு, புறவயப் பார்வை. அத்தனையும் அம்மா வீட்டுச் சாமான். தத்துவ விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாளில் ஒரு தலைப்பு: சாதிப் பாகுபாடு, காந்தியும் அம்பேத்கரும். இது பிள்ளை வீட்டுச் சாமான். இரண்டு பேரும் அடுத்தவர் பாத்திரத்தில் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்வாணையம் உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை. குறுங்கேள்விக்கு 10 மதிப்பெண், சுமார் 150 சொல்லில் முடித்தாக வேண்டும். ஆறு தொகுதி எழுதி, துறைக்குப் பெயரும் வைத்துவிட்டுப் போன காம்ட், சமூகவியல் தாளின் சிந்தனையாளர் பட்டியலிலேயே இல்லை.